எட்டு நாற்பத்து நான்கு

நீடாமங்கலம் ஷட்டர்ப் பெட்டி
நொடிகளை முப்பத்திரண்டு பிட்டில் எண்ணுகிறது.
2038, தை, செவ்வாய்க்கிழமை,
காலை எட்டு நாற்பத்து நான்கு, ஏழாவது நொடி.
அடுத்தது 1901.
மேட்டூரே கட்டாத வருஷம்.
யாருடைய முறைக்குத் தண்ணீர் விடும்?

நிரலை எழுதிய கம்பெனி போய்விட்டது.
“ஓடுற வரைக்கும் கை வைக்காதீங்க” என்றார்
லஸ்கர் அடைக்கலராஜ்.

வைக்கவில்லை.
கர்னலில் பழைய அழைப்பு அதே எண்ணில், அதே நாலு பைட்டில்.
பக்கத்தில் அகலமாக இன்னொரு கண் திறந்தேன்,
எட்டு பைட், புதுப் பெட்டிகளுக்கு.

பழையது கேட்கும்போது
மணி கொள்ளாவிட்டால்
வெட்டித் திணிக்காதே,
கொள்ளவில்லை என்று சொல்
என்று ஒரே ஒரு வரி.
கதவு நின்ற இடத்தில் நிற்கும்.

பிறகு கைச்சக்கரம்தான்.
அதற்கு வருஷா வருஷம்
கிரீஸ் போடச் சொல்லியிருக்கிறேன்.