கணக்குப் புத்தகத்தில் கால்கள்

என்ன அளவு சப்பாத்து என்று கேட்டால்
ஒருவருக்கும் தெரியவில்லை.
அக்காவினது, அண்ணனது,
கோவில் வாசலில் மாறிப்போனது என்று
கிடைத்ததைப் போட்டு வளர்ந்த கால்கள்.
வசூல் புத்தகத்தைப் பட்டறைத் தரையில் விரித்து
ஒவ்வொரு காலாய் வைக்கச் சொல்லி
பேனாவால் சுற்றி வரைந்தேன்.
ஹேமலோசினி கூச்சத்தில் சிரித்துக் காலை இழுக்க
அவள் சுண்டுவிரல் மட்டும்
ஹார்ட்வேர் கடை ஆ லியோங் தந்த
ஐம்பது வெள்ளி வரை நீண்டுவிட்டது.

லாபிஸில் வசூல் என்றால் சும்மாவா.
தைப்பூசத்துக்குத் திறக்கும் கை
ஓட்டத்துக்கு என்றதும்
"ஓடி என்ன ஆகப்போகுது?" என்று
சட்டைப்பைக்கு மேலேயே நின்றுகொள்ளும்.
நாசி லெமாக் விற்கும் மாக்சிக் ரொஹானா
எதற்கு என்றே கேட்கவில்லை.
அன்றைய சில்லறையைப் பையோடு கொடுத்தார்:
இருபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.
அந்தப் பக்கத்தில் இன்னும் சம்பால் வாசம்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில்
குலை வெட்டும் பதினோரு பேர்
ஆளுக்கு ஐந்து என்று எழுதச் சொன்னார்கள்,
சம்பளத்துக்குப் பிறகு.
ஒன்பது பேர் கொடுத்தார்கள்.
மற்ற இரண்டு பெயரை நான் அடிக்கவில்லை.

குத்தகையாளர் குணாளன் எண்ணூறு தந்தார்.
கதவளவு அட்டைக் காசோலையோடு வந்தது அது.
யாழரசி அதன் பின்னால் நின்றாள்.
படத்தில் அவள் நெற்றி, பத்து விரல், தொகை.
"சிரிம்மா" என்றார்கள். சிரிக்கவில்லை.
காற்று அடித்து அட்டை அவளை
இரண்டடி பின்னால் தள்ளியது.
அதற்குத்தான் சிரித்தாள்.

ஆக மொத்தம்
தொள்ளாயிரத்துப் பதினெட்டு வெள்ளி நாற்பது காசு.
வேன் கூலி, சாப்பாடு போக
நாலு பேருக்கு இரண்டு ஜோடி ஆணிச் சப்பாத்து.
வரைந்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
யாழரசியும் ஹேமலோசினியும்
ஒரு பெருவிரல் நகம்தான் வித்தியாசம்.

எங்கள் திடலில் தடம் என்பது
என் பட்டறையில் வடித்த பழைய எண்ணெய்;
புல் கருகிய வழியே ஓட வேண்டும்,
மாடு படுத்திருந்தால் பக்கத்துக் கோட்டுக்கு மாற வேண்டும்.
ஜொகூர் பாருவில் தடம் சிவப்பாக இருந்தது.
மாடு இல்லை.
யாழரசி கோட்டைத் தாண்டியதும் பலகையைப் பார்க்கவில்லை.
அப்படியே உட்கார்ந்து கயிற்றைப் பிய்த்தாள்.
மணல் குழி அருகே ஹேமலோசினியின் எண்ணை
மூன்றாம் முறை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.
வேலிக்கு மேலே பறந்து வந்தன சப்பாத்துகள்,
உள்ளே இன்னும் சூடு.
நுனியில் ஒரு துண்டு நாளிதழ் திணித்து
ஓடினாள், குதித்தாள்.

இரண்டு பேருக்கும் ஐந்தாம் இடம்.

"என்னம்மா, பதக்கம் ஏதும்?"
இரவு குணாளன் தொலைபேசியில்.
இல்லை அண்ணே.
"ஒண்ணுமேவா?"
யாழரசி போன தடவையைவிட
ஒன்று புள்ளி இரண்டு விநாடி குறைவு, என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அதை வரவில் எழுதுவதா செலவிலா என்று
அவர் யோசித்திருக்கலாம்.
எனக்கும் தெரியவில்லை.

கூலாய் தாண்டும்போது மழை.
வேன் தரையில் விரித்த காசோலைமேல்
இரண்டும் தூங்கின,
ஹேமலோசினியின் கன்னத்துக்குக் கீழே ஒரு பூஜ்யம்.

மறுநாள் பட்டறை திறக்குமுன்
ஒரு பையன் நிற்கிறான்.
ஒன்பது வயதிருக்கும், பெயர் யுகனேஸ்.
வழியெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
கழுவிய கால் அழுக்காகாமல்
குதிகாலில் நடந்து வந்தானாம்.
புத்தகத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது.
வேனிலிருந்து அட்டையை எடுத்துத் திருப்பிப் போட்டேன்.
பின்பக்கம் முழுக்க வெள்ளை.
இடது காலை வைத்தான்.
"அக்கா, கூசுது."
அசையாதே, என்றேன்.