அடிக்கணக்கு

ஓர் அடிக்குப் பதினாறு சட்டகம்.
பிலிமை நாங்கள் அடியால்தான் அளந்தோம்.
வில்லா ட்ரெஸ்காட் தன் உடம்பையும் அப்படித்தான் அளந்தாள்:
இடுப்பில் ஒன்று, முழங்காலில் இரண்டு,
தண்ணீர்த் தொட்டியில் விழுந்த வகையில்
காதோரம் ஒன்று.

அவளை நேரில் பார்ப்பதற்கு முன்பே
ஒன்பது மாதம் தொட்டுக்கொண்டிருந்தேன்,
வெள்ளைப் பருத்திக் கையுறையோடு.
கல்வர் சிட்டியில் ஜன்னல் இல்லாத அறை,
ஆறு பெண்கள், ஆறு கத்தரிகள்.
எங்கள் பெயர் எந்தப் படத்திலும் வராது.

அவள் பெயரும் அவளுடையதில்லை.
ஸ்க்ரான்டன் நிலக்கரித் தெருவில்
அவள் வில்ஹெல்மினா ட்ராபெக்.
“ட்ராபெக் என்றால் யார் சிரிப்பார்கள்?”
என்று கேட்டாராம் விளம்பர அதிகாரி.
“எங்கள் தெருவே சிரிக்கும்” என்றாளாம்.

பழத்தோலில் யாரும் வழுக்கலாம்.
அவள் தோலைப் பார்ப்பாள்.
தாண்டுவாள்.
தாண்டிய பெருமையில் தொப்பியைச் சரிசெய்வாள்.
பிறகு, ஒன்றுமே இல்லாத சமதரையில்
விழுவாள்.
பெருமைக்கும் விழுதலுக்கும் நடுவே
பதினோரு சட்டகம்.
எட்டு வைத்தால் அது விபத்து,
பதினைந்து என்றால் சோகம்.
பதினொன்றில்தான் கிளென்டேல் கொட்டகையில்
பல் வைத்தியர்களும் மனைவிமாரும்
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
விழுந்தவள் என்னவோ ஒருத்திதான்.

பேசும்படம் வந்தது.
மற்றவர்கள் உச்சரிப்பு வாத்தியாரிடம் ஓட
இவள் நிறுத்துக் கடிகாரத்தோடு
கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.
மறுநாள் என் மேசைக்கு வந்து,
“இந்தச் சிரிப்பு நான்கு அடி ஓடுகிறது.
என் அடுத்த வசனம் அதில் மூழ்கிச் சாகிறது.
நடுவில் அந்த பட்லரின் முகத்தைப் போடு,
அவருக்குத்தான் முகத்தில் ஒன்றும் ஓடாதே.”
போட்டேன்.
பட்லருக்கு ரசிகர் கடிதங்கள் வந்தன.

அப்புறம் அந்த மாடிப்படி.
மூன்றாவது டேக்கில் மணிக்கட்டு முறிந்தது.
முறிந்த கையாலேயே
மேஜர் ஒருவருக்கு சல்யூட் வைத்து முடித்தாள்.
இடையில் பதினான்கு சட்டகம் மட்டும்
அவள் நடிக்கவில்லை.
வாய் கோணி, கண் எங்கோ போய்,
ஸ்க்ரான்டனில் யாரையோ கூப்பிடுவது போல.
வெட்டினேன்.
வெட்டு விழுந்த இடத்தில் அவள் துள்ளி எழுந்தாள்.
‘எலும்பே இல்லாத பெண்’ என்று எழுதின பத்திரிகைகள்.

மாவுக்கட்டோடு அவள் வந்து
மூவியோலாவில் குனிந்து பார்த்தாள்.
“மோசமான நடிப்பு. வெட்டியது சரி” என்றாள்.
“அந்தத் துண்டைக் கொடு.”
கைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள்,
முதலாளி திரு. லோவென்டாலின் ஜன்னல் வெளிச்சத்தில்
அதைத் தூக்கிப் பிடித்தாளாம், ஒன்றும் பேசாமல்.
வாரத்துக்கு இருநூறு டாலர் ஏறியது.
ஓர் அடிக்கு இரண்டு சட்டகம் குறைவு.
ஹாலிவுட்டில் அவ்வளவு விலைக்குப் போன துண்டை
நான் வேறு கண்டதில்லை.

நாற்பது தாண்டியதும் அவளுக்குக் கதவுகள் கொடுத்தார்கள்.
திறப்பாள், “டாக்டர் வந்துவிட்டார்” என்பாள்,
மூடுவாள்.
தொலைக்காட்சி வந்து
சோப்புத்தூள் விற்கும் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கியது.
அங்கே சிரிப்பு ஒரு பெட்டியிலிருந்து வந்தது.
இரவு பத்தரைக்கு எனக்குப் போன் செய்தாள்:
“எட்னா, அந்தப் பெட்டி
மூச்சு வாங்குவதே இல்லை.
அதோடு எப்படி வேலை செய்வது?”

கடைசியாகப் பார்த்தது பர்பேங்கில்,
மளிகைக் கடை வாசல், ஒரு செவ்வாய்க்கிழமை.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நடைபாதை விளிம்பில் யாரோ போட்ட முட்டைக்கோஸ் இலை.
நின்றாள். தாண்டினாள்.
தொப்பியைச் சரிசெய்தாள்.
என் உடம்பு தானாக எண்ணத் தொடங்கியது.
ஒன்பது, பத்து, பதினொன்று,
பன்னிரண்டு,
இருபது,
கார் கதவைத் திறந்து உட்கார்ந்து
கண்ணாடியில் உதட்டுச்சாயம் பார்த்து
போயே போய்விட்டாள்.

கையில் பையோடு
நடுத்தெருவில் நின்று அப்படிச் சிரித்தேன்
ஒரு டஜன் முட்டையில்
நான்குதான் தப்பின.