சில்லறைக்கு வலப்பக்கம் வராது

ஆறாம் மாசம் வரை நானே சுற்றினேன்.
கொருக்குப்பேட்டை யார்டுக்குப் பின்னால்
கன்டெய்னர் லாரிகள் எழுந்திருக்கும் முன்
இருபதடிக் கயிற்றின் ஒரு முனையில் சில்லறை,
மறுமுனையில் நான், வட்டத்துக்கு அடித்த ஆணி.
ஆணி அசையக் கூடாது.
அசையவில்லை.
எங்கிருந்தோ ஒரு பிரியாணி கவர் பறந்து வந்தது.
உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.
விழவில்லை. விழுந்திருக்கலாம்.
அந்த ‘லாம்’தான் ஒரு வாரம் வீட்டில் பேச்சு.

ஹார்பரில் நைட் முடிந்து வந்த என் ஆள் கேட்டான்:
“வித்துடலாமா?”
ரெண்டு வருசம் ஏலச்சீட்டு கட்டி
பாதி நோட்டு பாதி நாணயமாய் எண்ணிக் கொடுத்து
பேர்கூட அதிலிருந்தே வந்த குட்டி.
அதையெல்லாம் சொல்லவில்லை.
“பழகாத குதிரைக்கு வெல கெடைக்காது” என்றேன்.
அது அவனுக்குப் புரிந்தது.

அப்படித்தான் டில்லிபாபு கைக்குக் கயிறு போனது.
கொழுந்தன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.
ஹாரன் தெரியும், பிரேக் தெரியும்,
நடுவில் இருப்பது தெரியாது.
காசிமேட்டு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
வயிற்றை மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன்:
இழுக்காத. கேளு.
குடுத்தாள்னா உடனே விடு.
விடுறதுதான்டா அவளுக்குக் கூலி.
கடிவாளம் இப்ப வேணாம், பால்பல்லு விழுற வயசு,
வாயெல்லாம் புண்ணு.
“எப்ப அண்ணி ஏறி ஒக்கார்றது?”
“எலும்பு மூடட்டும்.”
“எப்ப மூடும்?”
“நீ கேக்காம இருக்கும்போது.”

ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் ஸ்கேன்.
அறை முழுக்க அந்தச் சத்தம்.
குதிரைப் பாய்ச்சல் மாதிரி இல்ல, என்றார் டாக்டர்,
என் தொழில் தெரிந்து, பிரியமாக.
இல்லீங்க டாக்டர். பாய்ச்சலுக்கு நாலு அடி.
இது ரெண்டு. துள்ளோட்டம்.
அவர் சிரித்தார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாசம் வயிற்றுவார் கட்டிப் பழக்கினோம்.
அவளுக்கு நாளுக்கு ஒரு துளை இறுகியது,
என் பாவாடை நாடா வாராவாரம் தளர்ந்தது.
மூச்சை உப்பி ஏமாற்றுவாள்.
காத்திருந்தால் விடுவாள், எல்லாரும் விடுவோம்.

ஒருநாள் தெருமுனையில் சாவு மேளம்.
மாசமா இருக்கறவ பாக்கக் கூடாது, உள்ள போ என்றார்கள்.
நாளைக்குக் கல்யாண ஊர்வலத்தில் நிற்க வேண்டியவள் இவள்.
அதே பசங்கதான் அங்கேயும் அடிப்பார்கள்,
அதே பத்தாயிரம் வாலாதான்.
போகவில்லை.
சரம் வெடித்தபோது அவள் தோல் மட்டும் சிலிர்த்தது.
உதைத்தது வேறு ஆள், உள்ளேயிருந்து.

பிறகு கால் வீங்கி ஒரு வாரம் படுத்தேன்.
திரும்பி வந்தால் மைதானத்தில்
“டோல்கேட் டோல்கேட் டோல்கேட்!” நடக்கிறாள்.
“தேரடி!” துள்ளுகிறாள்.
“எறங்கு எறங்கு!”
நாலு காலும் சதுரமாய் நிற்கிறாள்.
“அஜாக்ஸ்” பாய்ச்சலுக்காம்.
அதை இன்னும் கூவவில்லை, பத்திரமாய் வைத்திருக்கிறானாம்.
சிரித்த சிரிப்பில் மூத்திரம் கசிந்தது.
அப்புறம் நான் நாக்கைச் சொடுக்கினேன்,
தாயை விட்டு வந்த முதல் ராத்திரியிலிருந்து
அவளுக்கு நான் போட்ட சொடுக்கு.
ஒரு காது என் பக்கம் திரும்பியது.
காது மட்டும்.

மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு இன்று நாற்பத்தாறு நாள்.
ஐஸ் பெட்டிமேல் டில்லிபாபு, அவன் மடியில் பிள்ளை.
கழுத்து நிற்காத அதைப் பிடிக்கத் தெரியாமல்
ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறான்.
கயிறு என் கையில்.
சில்லறை என் நைட்டியின் முன்பக்கத்தை முகர்ந்து
பால் வாசத்துக்கு மேலுதட்டைச் சுருட்டினாள்.
சொடுக்கினேன். காது.
மறுபடி. காது.

யார்டில் கூட்ஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி நின்றன.
அந்தச் சத்தத்துக்குள், தொண்டையைச் செருமி,
அவனுக்குக் கேட்காமல்
“டோல்கேட்” என்றேன்.

போனாள், இடப்பக்கம் அழகாக.
வலப்பக்கம் இன்னும் வராது.
அஜாக்ஸ் ரொம்ப தூரம்.