இந்தப் பிரதி அசல் அல்ல

போத்தித் துறைமுகத்தில் நவம்பர் வந்தால்
சுவர்கள் வியர்க்கும்.
ஆய்வகம் மருத்துவமனையின் பின்புறம்,
மாடிப்படிக்குக் கீழே.
லம்சீரா மேசையைக் காட்டினாள்,
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"ஏழு மாதமாக இப்படித்தான்."

திரை முழுக்கக் கறுப்பு.
வலது மூலையில் பொடி எழுத்தில்,
இந்தப் பிரதி அசல் அல்ல.
கூடவே ஓர் அனுதாபம்:
நீங்கள் மோசடிக்கு ஆளாகியிருக்கலாம்.

"இருக்கலாமாம்" என்று சிரித்தாள்.
"எந்த மோசடி என்று சொன்னால் தேவலை."

ஏழு மாதமாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் இறங்கவில்லை.
இரண்டு கட்டடம் தள்ளி, சரக்குக் கிடங்கில்,
போன மாதம்தான் எவனோ புகுந்து
கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுச்
சாவிக்கு விலை பேசினான்.
இங்கே கிடப்பதோ
ஓர் ஊரின் சர்க்கரை, உப்பு, ரத்தவகை.

கடைக்கார ஓதார் போலியைத் தலையில் கட்டிவிட்டான்
என்றது கணக்குப் பிரிவு.
நானும் பேருந்தில் வரும்போதே
தீர்ப்பு எழுதி முடித்திருந்தேன்.
அவள் மட்டும் இழுப்பறையைத் திறந்து
பிளாஸ்டிக் உறையில் ஒரு ரசீதை எடுத்தாள்.
முத்திரை. கையெழுத்து. 2011, மே.
அடியில் இன்னும் இரண்டு நகல்.
"ரசீதுகளை நான் தொலைப்பதில்லை.
சுகுமியில் எங்கள் வீட்டுப் பத்திரம்
அலமாரியிலேயே தங்கிவிட்டது.
இருபத்திமூன்று வருடமாக
அலுவலகச் சன்னல் ஒவ்வொன்றிலும்
நான் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

பெட்டியைச் சாய்த்தேன்.
விரல் பட்டுத் தேய்ந்த ஒட்டுத்தாளில்
எட்டா, பி எழுத்தா, பிடிபடவில்லை.
கைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தாள்.
அணுக்களை எண்ணிப் பழகிய கண்.
"எட்டு. இடுப்பு இரண்டு பக்கமும் ஒடுங்கியிருக்கிறது, பார்."

எட்டுதான். ஆனாலும் மறுத்தது.
இன்னொரு முறை. மறுத்தது.
அப்போதுதான் கீழ் மூலையைக் கவனித்தேன்.
ஜனவரி ஒன்று, 2009.

"ஓ, அதுவா? தினமும் காலையில் அங்கேதான் விழிக்கும்.
முடிவுத்தாளில் நான் கையால் தேதி போட்டுவிடுவேன்.
யாரும் கேட்கவில்லையே."

விற்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்னால் நின்றுகொண்டு
சான்றிதழை நீட்டினால்
எந்த வாசல் திறக்கும்?

பேருந்து நிலையத்துக் கடிகாரக் கடையில்
சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு பாட்டரி வாங்கினேன்.
திரும்பி வருவதற்குள் காலணி நனைந்துவிட்டது.

பிறகு தொலைபேசி. ரஷ்ய மொழியில் ஓர் இயந்திரக் குரல்.
ஆறாறு எண்களாக ஒன்பது தொகுதி.
அவள் எங்கள் மொழியில் வாசிக்க, நான் அழுத்தினேன்.
எங்கள் மொழியில் தொண்ணூற்றுமூன்று என்றால்
நான்கு இருபதும் ஒரு பதின்மூன்றும்.
எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்தவள்
அங்கே மட்டும் உடைத்து,
ஒன்பது, மூன்று, என்றாள்.
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எத்தனை கணினிகளில் நிறுவியிருக்கிறீர்கள்?
குரல் கேட்டது.
"ஒன்றில்" என்று அவளே சொன்னாள்,
வெள்ளை அங்கியின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு.

எட்டுப் பெட்டிகளும் நிரம்பின.
கறுப்பு விலகி நீலம் வந்தது.
அசல்.
அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
நாளை ஓதார் கடையைத் தாண்டும்போது
வணக்கம் சொல்ல வேண்டும்;
எதற்கென்று அவனுக்குப் புரியாது.

நூற்று நாற்பத்தொரு திருத்தங்கள் வரிசையில் நின்றன.
முப்பத்தேழு முடிந்ததும்
கணினி அணைந்து எழ அனுமதி கேட்டது.

"காத்திருக்கச் சொல்" என்றாள் லம்சீரா,
ஒரு குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து.
"நாலாம் படுக்கையின் பொட்டாசியம் முதலில்."

தாள் அச்சாகி வந்தது.
மேலே தேதி சரியாகவே இருந்தது.
பக்கத்தில் அவள்
பேனாவால் இன்னொரு முறை எழுதினாள்.