ஆலை நின்ற பிறகு

செத்த வால்வைத் துணியில் சுற்றி
குறட்டால் ஒரே நெரி.
உடைந்தபோது மூச்சு வெளியே வரவில்லை,
உள்ளே போனது.
எத்தனை வருடமோ அதற்குள் அடைபட்டுக் கிடந்த ஒன்றுமில்லாமை
மாங்குளத்துப் புழுதிக் காற்றால் நிரம்பியது.

எனக்கு வேண்டியது அடிப்பாகம் மட்டும்.
எட்டுக் கால், நடுவில் ஒரு சாவிக் கட்டை.
பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு
காலுக்கொரு புதுக் கம்பி.
மேலே பீங்கான் சொக்கற்.
ஏழு கம்பி நேராய் ஏறும்.
எட்டாவது மட்டும்
ஒரு ஓம் தடைக்குள்ளால் சுற்றிப் போகும்.
அந்தத் தடையின் இரண்டு கரையிலும் மீற்றருக்கு வால்.
அவ்வளவுதான் கருவி.
ஒரு மில்லிவோல்ற் என்றால் ஒரு மில்லி அம்பியர்.
இவ்வளவு நேர்மையான கணக்கை
ஒரு அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

"வாங்கேலாதோ பிள்ளை?" என்றார் எமிலியானுஸ் அண்ணை.
பகலில் மல்லாவி பஸ் ஓட்டுகிறவர்,
இரவில் கிற்றார்.
பெட்டி மார்க்கத்திலிருந்து மச்சான் அனுப்பியது.
வாங்கலாம் அண்ணை.
அறுபது டொலர், தபால், சுங்கம், ஒன்றரை மாதம்.
ஞாயிறு உங்களுக்குக் கலியாணவீடு.

முகமாலையில் ஆறு வருடம்
மண்ணுக்குள் ஊசி விட்டவள் நான்.
சரிவாகத்தான் விடவேண்டும்,
தட்டுப்பட்டால் தள்ளக்கூடாது.
விலகி வந்த அன்று படிவத்தில் ஒரு கேள்வி:
கை நடுக்கம் உண்டா?
இல்லை என்று எழுதினார்கள்.
அந்த 'இல்லை'தான் இந்தக் கடைக்கு முதல்.

பெட்டிக்குள் நானூற்று முப்பது வோல்ற்.
சுடிதாரில் பை இல்லை,
இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டேன்.

வாசிக்கும்போது எப்படிக் கேட்கிறது என்று சொல்ல
ஊரில் ஆயிரம் பேர்.
வாசிக்காமல் சும்மா இருக்கையில்
எவ்வளவு எரிகிறது என்பதுதான் என் கேள்வி.

செருகினேன்.
0.03.
"வால்வு போச்சோ?"
போகவில்லை. மீற்றரை இருபது வோல்ற்றில் வைத்திருந்தேன்.
வெட்கத்தோடு குமிழைத் திருப்பினால்
ஒன்றில் முப்பத்தெட்டு,
மற்றதில் முப்பத்தேழு.
"சாதகம் பாத்துக் கட்டின சோடி" என்று சிரித்தார்.
மூடியைப் போட்டு இரண்டு ஆணியும் இறுக்கிவிட்டார்.

எட்டு மணிக்குப் பின்பக்கத்து அரிசி ஆலை நின்றது.
கடை விளக்கு சட்டென்று வெளித்தது.
மீற்றரில் நாற்பத்தொன்று.
நாற்பத்தைந்து.
நாற்பத்தொன்பதில்
தகட்டின் ஓரம் மெல்லச் சிவக்கத் தொடங்கியது,
ஊதாமலே பிடிக்கிற தணல்.

"உன்ர சாமான் பிழையோ?"
சாமான் சரி அண்ணை.
பகல் முழுக்க ஆலை குடித்ததுபோக
மிச்சத்தை அளந்துவிட்டு
அதுதான் உலகம் என்றிருந்தேன்.

ஆணிகளைத் திரும்பக் கழற்றி
உள்ளே அந்தச் சின்னத் திருகை
முடியளவு, முடியளவாக.
நாற்பத்திரண்டு. முப்பத்தொன்பது.
சிவப்பு வந்த வழியே போனது.
தகரத்தின் உட்புறம் பென்சிலால் எழுதினேன்:
38, ஆலை நின்ற பிறகு.

கலியாணவீட்டில் ஜெனரேற்றர்.
அது என்ன தரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.
கருவியை நெஸ்ரமோல்ற் பேணிக்குள் வைத்து
பஸ் திறப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அன்றிரவு அவர் ஒரு தந்தியையும் தொடவில்லை.
கிற்றார் உறைக்குள்.
தேத்தண்ணி ஆறியது.
ஒரு சத்தமும் போடாமல் எரிகிற இரண்டு வால்வையும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.
பிறகு யாரோ மிச்ச நெல்லுக்கு
ஆலையைத் திரும்பப் போட்டார்கள்.
முப்பத்தொன்று.
என் கை திருகை நோக்கிப் போனது.

"விடு பிள்ளை" என்றார்.