கணுக்கால் வரை

செனகலில், கயார்க் கரையிலிருந்து
கல்லெறி தூரத்தில்
கடலுக்குத் தரையில்லை.
வடக்கிலிருந்து நடந்துவரும் மணல்
இங்கே கால் தவறி விழுகிறது.

அராம் ன்டோய் அந்தப் பள்ளத்தின் படம் பார்த்ததில்லை.
மார்ச் காலையில் கணுக்கால் வரை இறங்கி நிற்பாள்.
தண்ணீர் கடித்தால்
உப்பு மூட்டையை அவிழ்க்கச் சொல்வாள்.

காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்;
காலியான இடத்துக்குப்
பள்ளத்திலிருந்து குளிர் ஏறிவரும்,
வெயில் பார்த்திராத உரத்தோடு.
பச்சை. பிறகு மத்தி. பிறகு படகுகள்.

இந்த வருஷம் மார்ச் முடியப்போகிறது.
பிராமின் படகு
இரண்டு டப்பா பெட்ரோல் குடித்துவிட்டு
நாலு மீனோடு வந்தது.
தண்ணீர் வெதுவெதுப்பு;
சுற்றுலா வந்தவர்கள் சிரித்து நீந்துகிறார்கள்.

அராம் கணுக்காலைப் பார்க்கிறாள்.
மூட்டையின் முடிச்சை
இன்னொருமுறை இறுக்குகிறாள்.