எட்டாம் கட்டில்

ஆசாரிப்பள்ளம், நைட் டியூட்டி.
குளச்சல் மரியசூசைக்கு
ரத்தம் இளக்கும் மாத்திரை அதே அளவுதான்;
ஈறு மட்டும் நிற்காமல் கசிகிறது.
"வேற மருந்து எதாவது?"
டாக்டர் கேட்டபோது
இல்லையென்று தலையாட்டினார்.
அவர் மனைவி
காலால் ஒரு பையைக்
கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மூக்குக்குத் தெரியும் அந்த வாசம்.
என் நடுமுதுகிலும் அதே தைலம்தான்,
மார்த்தாண்டத்து வர்ம ஆசான் தந்தது,
மேலே பவுடர் போட்டு மறைத்தது.

போன வாரம் ஒரு மாணவி நீட்டிய தாளில்
மாற்று மருத்துவம் பற்றி உங்கள் கருத்து?
நம்பிக்கை இல்லை என்று டிக் அடித்தேன்.
பேனாவை மூடக் குனிந்ததும்
முதுகு சுள்ளென்றது.

ரெண்டு மணிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
"எக்கா, எனக்கும் ஆசான் உண்டு.
தைலம் கிடக்கட்டும்.
குடிக்கத் தந்தது என்னது?"
அவள் என் தோள்பக்கம் மோந்து பார்த்தாள்.
பிறகுதான் பை வெளியே வந்தது:
பிராந்திக் குப்பியில் கறுத்த கஷாயம்,
பாதி தீர்ந்தது.

கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
அலர்ஜி என்ற இடத்தின் ஓரத்தில்
பொடி எழுத்தில் எழுதி
டாக்டரை எழுப்பப் போனேன்.
"ஏசமாட்டாரே சிஸ்டரே?"

ஏசுவாரு.
முதல்ல என்னை.